மதகுக்குள் ஒன்பது குட்டிகள்

சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், சின்ன வயதில் என்னோடு ஒரே பள்ளிக்கூட வாங்கிலில் இருந்து படித்த நீங்கள் ஆறு பேர் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தீர்கள். வெளியே எச்சில் இலை போடும் இடத்தில் நாய்கள் நின்றன. பதின்மூன்று. உங்களில் ஒருவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "எங்கடை காலத்திலை இவ்வளவு நாய் இல்லை. பழைய சனம் எல்லாத்தையும் அளவோட வைச்சிருந்தது" என்றார். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினீர்கள். நான் "பொய்" என்றேன். சாப்பிடும்போது நாய்க்கதை எதற்கு என்று என் இலையில் இன்னொரு வடையை வைத்தீர்கள். வாயில் வடை இருந்தால் கதைக்க முடியாது. எழுத முடியும்.

பழைய சனம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நாய் குட்டி போட்டால், கண் திறக்கும் முன்பே ஆண் குட்டிகளான கடுவன்களுக்கு ஆட்கள் சொல்லி வைத்துவிடுவார்கள். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சைக்கிள் கரியரில் ஏற்றி, அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருவார்கள். அதற்கு 'விடுறது' என்று பெயர். கொல்வது பாவம். விடுவது பாவமில்லை. எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடுகள், பதினொரு வீட்டு நாய்கள். பதினொன்றும் கடுவன். எந்தத் தாய் நாயும் கடுவனாக மட்டும் ஈனுவதில்லை என்பதைப் பத்து வயதில் நான் எண்ணியே கண்டுபிடித்தேன். பெரியவர்கள் யாரும் எண்ணவில்லை.

இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. சாக்குக்குப் பதில் காட்போட் பெட்டி, அவ்வளவுதான். போன கிழமை சந்தைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் ஐந்து குட்டிகள் கிடந்தன. இல்லை, ஆறு. ஒன்று மற்றவற்றுக்கு அடியில் கிடந்ததால் முதலில் தெரியவில்லை. ஆறும் பெட்டை. இப்போது மிருக வைத்தியர் இருக்கிறார், கருத்தடைச் சத்திரசிகிச்சை இருக்கிறது. நான் இதுவரை பத்தொன்பது பெட்டை நாய்களை ஓட்டோவில் கொண்டுபோய் வந்திருக்கிறேன். "ஐயா, சீற்றிலை மயிர் ஒட்டும்" என்று ஏற்ற மறுத்த ஓட்டோக்காரர்கள் எத்தனை பேர் என்றும் சொல்லுவேன். ஊரில் எனக்கு என்ன பட்டம் வைத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். அப்படியே கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.

நான் சொல்ல வந்தது ஒரு பங்குனி மாதத்தைப் பற்றி.

எங்கள் ஐயாவுக்கு வெங்காயத் தோட்டம். கிண்டிய வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலின் வளைகளில் தொங்கவிடுவார்கள். அந்தக் கொட்டிலின் மூலையில், வெங்காயச் சருகுக் குவியலில், ஒழுங்கையில் திரிந்த ஒரு பழுப்புப் பெட்டை நாய் வந்து குட்டி போட்டது. அது எங்கள் நாய் இல்லை. ஒருவருடைய நாயும் இல்லை. அக்கா பானை கழுவி ஊற்றும் தண்ணீரில் மிதக்கும் சோற்றுக்காக வந்து பழகியது. கொட்டிலுக்குள் குனிந்து போனால் சருகின் கார நெடி மூக்கில் ஏறும். அதற்குள்ளே பாலின் மணமும் குட்டிகளின் வயிற்றுச் சூடும் இருந்தன. குட்டிகள் ஏழு. கடுவன் இரண்டு, பெட்டை ஐந்து.

ஒரு கடுவனை எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தமையன், சொல்லி வைத்தார். மற்றதைப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் சொல்லி வைத்தார். ஐந்து பெட்டைகளையும் யாரும் கேட்கவில்லை.

அவற்றில் ஒன்று சவலை. மற்றவை அதைத் தாயிடம் அண்டவிடவில்லை. நான் குசினியில் இருந்த மூக்குப்பேணியில் ஆட்டுப்பால் எடுத்துப்போய் அதன் வாயில் ஊற்றினேன். மூக்குப்பேணியை இப்போது எந்த வீட்டிலும் காணவில்லை. வாய் படாமல் குடிப்பதற்காக மூக்கு வைத்த வெண்கலச் செம்பு. விருந்தாளிகளுக்கு அதில்தான் தேத்தண்ணி கொடுப்பது. அம்மா கண்டுவிட்டார்.

"சனியனே, ஆக்களுக்குக் குடுக்கிற பேணியிலை நாய்க்கோ குடுக்கிறாய்?"

"அதின்ரை வாய் படேல்லை அம்மா. அண்ணாந்துதான் குடிச்சது."

அக்கா அடுப்படியில் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. புளி போட்டு மூன்று முறை, சாம்பல் போட்டு நான்கு முறை மினுக்கினார். அதற்குப் பிறகும் அந்தப் பேணியை ஆட்களுக்கு எடுக்கவில்லை. அது எனக்குத் தனியாக வந்தது. அன்றிலிருந்து அம்மா, "உதுகளைக் கெதியாக் கொண்டுபோய் விடுங்கோ" என்று ஐயாவை நாளுக்கு இரண்டு தரம் நச்சரித்தார்.

எங்கள் ஐயா எறும்புப் புற்றை மண்வெட்டி தொடாமல் வாய்க்கால் வெட்டுகிற மனிதர். குட்டி விடுவதற்கும் பஞ்சாங்கம் பார்த்தார். வெள்ளி கூடாது. அமாவாசை கூடாது. சனிக்கிழமை சரி. ஆனால் ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். பத்து முப்பத்தொன்றுக்குப் படலையைத் திறந்தார். தாய் நாயைக் கொட்டிலுக்குள் அடைத்துவிட்டு, ஐந்து குட்டிகளையும் சாக்கில் போட்டு, வாயைச் சணல் கயிற்றால் கட்டி, கரியரில் பழைய டியூப்பால் இறுக்கியிருந்தார். என்னை முன்னால் பாரில் ஏற்றினார்.

என்னை ஏன் கூட்டிப் போகிறார் என்று எனக்குத் தெரியும். சாக்கை அவிழ்ப்பதற்கு. சின்னப் பிள்ளைகள் அவிழ்த்தால் பாவம் ஒட்டாது என்று எங்கள் பகுதியில் ஒரு எண்ணம். உங்கள் வீடுகளிலும் இருந்தது. பெரியவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சைக்கிளிலேயே இருப்பார். பிள்ளை அவிழ்த்துக் கொட்டும், ஓடிவந்து ஏறும், சைக்கிள் பறக்கும்.

அதற்கு முந்தைய வருடமும் நான்தான் அவிழ்த்தேன். எங்கள் கிணற்றடி வாழைக்குள் வேறு ஒரு நாய் போட்டிருந்த மூன்று பெட்டைக் குட்டிகள். இரண்டு அந்த இடத்திலேயே நின்றன. ஒன்று சைக்கிளின் பின்னால் ஓடிவந்தது. நான் திரும்பிப் பார்த்தபடி ஐயாவின் மிதிகளை எண்ணினேன். முப்பத்தேழாவது மிதியில் அது இருந்துவிட்டது. ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த எண் தெரியாது.

இந்த முறை எல்லை மதகில் சைக்கிளை நிறுத்தினார். இரண்டு பக்கமும் மிளகாய்த் தோட்டம், அதற்கப்பால் வெறும் வெளி. மதகுக்குக் கீழே தண்ணீர் வற்றிச் செம்மண் வெடித்திருந்தது.

"கெதியா அவிட்டு விடடா. ஆக்கள் வரப் போகுது."

நான் சாக்கை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு மதகுக் கட்டில் இருந்தேன்.

"மாட்டன்."

"ஏனடா?"

"போன முறையும் நான்தான் அவிட்டனான். இந்த முறை நீங்கள் அவிழுங்கோ."

ஐயா சாக்கைப் பார்த்தார். சணல் கயிற்றில் ஒரே ஒரு சுருக்கு. ஒரு இழுப்பில் வந்துவிடும். அவர் கை நீளவில்லை. சைக்கிளை விட்டும் இறங்கவில்லை.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. ஐயாவின் வயதுக்குச் சற்று இளையவர். கரியரில் ஒரு பனையோலைக் கடகம், அதன்மேல் சாக்குத் துண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் காலை ஊன்றினார்.

"என்ன அண்ணை, சில்லுக் காத்துப் போட்டுதோ?"

"சீச்சீ. பெடியனுக்குத் தலைச்சுத்து. கொஞ்சம் ஆறுறம்."

"ஓ. வெய்யில்தானே."

"நீங்கள் சந்தைக்கோ?"

"ஓம், சந்தைக்கு. கொஞ்சம் கத்தரிக்காய்."

"நாங்கள் மரவள்ளிக் கிழங்கு" என்றார் ஐயா.

கத்தரிக்காய் முனகியது. அதைக் கேட்டு என் மடியிலிருந்த மரவள்ளிக் கிழங்கு பதில் முனகியது. இரண்டு பேரும் மிளகாய்த் தோட்டத்தைப் பார்த்தார்கள்.

"உங்களிட்டை எத்தினை?" என்று நான் அவரைக் கேட்டேன்.

அவர் ஐயாவைப் பார்த்தார். பிறகு, "நாலு" என்றார்.

"எல்லாம் பெட்டையோ?"

"பின்னை என்ன?"

"எங்களிட்டை அஞ்சு. நாங்கள் அஞ்சை உங்கடை ஊரிலை விட்டு, நீங்கள் நாலை எங்கடை ஊரிலை விட்டா, எங்களுக்கு ஒண்டுதான் குறையும். உங்களுக்கு ஒண்டு கூடும்."

பத்தரை வரை ராகுகாலம் என்பது அந்த ஊருக்கும் பொருந்தும் என்பதால்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து மாட்டினார்கள். அது பிறகு யோசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

"பெடியன் கணக்கிலை வலு விண்ணன்" என்று அவர் சிரித்தார். சிரித்த பிறகு கதைக்காமல் இருக்க முடியாதே. ஐயா, "நீங்கள் அங்கை ஆரின்ரை பகுதி?" என்று கேட்டார். நம் ஆட்கள் இரண்டு பேர் நடுவழியில் நின்றால் மூன்றாவது கேள்விக்குள் சொந்தம் வந்துவிடும். இவர்களுக்கு இரண்டாவது கேள்வியிலேயே வந்தது. அந்த மனிதரின் மனைவியின் தமக்கை, ஐயாவின் ஒன்றுவிட்ட தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்.

"அப்ப நீங்கள் எனக்குத் தம்பி முறையெல்லே" என்றார் ஐயா.

சொந்தக்காரருடைய ஊரில் குட்டி விடலாமா? விடக்கூடாது. இனி இரண்டு பேரும் தங்கள் தங்கள் குட்டியோடு வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று நினைத்தேன். பெரியவர்களை நான் அப்போது சரியாக அறிந்திருக்கவில்லை.

"அண்ணை, அங்காலை வெளி தாண்டி ஒரு ஊர் இருக்கு. அங்கை உங்களுக்கு ஆரும் ஆக்கள் இருக்கினமோ?"

"எனக்கு ஒருத்தரும் இல்லை. உங்களுக்கு?"

"எனக்கும் இல்லை."

"அப்ப ஒன்பதையும் அங்கை விடுவம்."

சைக்கிள்களை மதகுக் கட்டில் சாத்திவிட்டு, இரண்டு பேரும் தெருவின் மற்றப் பக்கத்தில் போய் நின்று, எந்த வழியால் போவது என்று கையை நீட்டி நீட்டிக் கதைத்தார்கள். நான் சாக்கோடு சறுக்கி மதகுக்குக் கீழே இறங்கினேன். சாக்கை உள்ளே தள்ளிவிட்டு மேலேறி வந்து கடகத்தைக் கட்டவிழ்த்து எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினேன். மதகின் உள்ளே நான் தவழ்ந்து போகலாம். ஒரு பெரிய ஆள் தலையையும் ஒரு கையையும்தான் விடலாம். நடுவில் போய் இருந்துகொண்டு சாக்கைத் திறந்தேன். அந்தச் சுருக்கை நான்தான் இழுத்தேன். உள்ளே நத்தைக் கூடும் காய்ந்த சேறும் மணந்தன. இருட்டில் தடவி எண்ணினேன். ஐந்தும் நாலும் ஒன்பது. என் கால்விரலை ஒன்று சூப்பியது.

முதலில் ஐயாவின் தலை வந்தது.

"வெளியிலை வா. தோலை உரிப்பன்."

"உரியுங்கோ. வரமாட்டன்."

பிறகு மறுபக்கத்தில் மற்றவருடைய தலை வந்தது.

"தம்பி, ராசா, வா. நான் உனக்கு ஐஸ்பழம் வாங்கித் தாறன்."

"எத்தினை?"

"ரெண்டு."

"இஞ்சை நாங்கள் பத்துப் பேர்" என்றேன்.

எவ்வளவு நேரம் என்று மணிக்கூட்டில் சொல்ல முடியாது. மேலே தெருவால் போன சைக்கிள்கள் ஒன்பது, மாட்டுவண்டில் ஒன்று. பிறகு ஒரு பெண் குரல் கேட்டது. அடுத்த ஊரைச் சேர்ந்த மரக்கறிக்காரி, சந்தையில் விற்று முடித்துவிட்டு வெறும் கடகத்தோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"உதென்ன, ரெண்டு ஆம்பிளையள் மதகைக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறியள்?"

"உள்ளை பெடியன்" என்றார் ஐயா.

"பெடியன் மட்டுமோ?"

குட்டிகள் அவருக்குப் பதில் சொல்லின. அவர் குனிந்து என்னைப் பார்த்தார். வெற்றிலை போட்ட வாய், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பிறகு நிமிர்ந்து அவர் சொன்னது எனக்கு உள்ளே தெளிவாகக் கேட்டது.

"போன சனி என்ரை படலையிலை மூண்டு. அதுக்கு முதல் சனி ரெண்டு. ஒண்டைக் கிணத்துக்குள்ளை இருந்து எடுத்தனான். ஆர் விடுறதெண்டு நான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு திரியிறன். முகத்தை வடிவாக் காட்டுங்கோ பாப்பம்."

"அது நாங்கள் இல்லை" என்றார் தம்பி முறைக்காரர்.

"நான் எங்கை சொன்னன் நீங்களெண்டு? நீங்கள் செய்யுங்கோ, செய்ய வந்ததை. எனக்கு அவசரமில்லை. இருந்து பாத்திட்டுப் போறன்."

கடகத்தை மதகின் வாயருகே கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்துவிட்டார். அவருடைய குதிக்கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. இரண்டும் வெடித்திருந்தன.

கடைசியில் ஐயாவின் முகம் திரும்ப வந்தது. கோபம் போய்விட்டிருந்தது. தலைமயிரில் செம்மண்.

"வா. வீட்டை கொண்டுபோவம்."

"எல்லாத்தையுமோ?"

"எங்கடை அஞ்சையும்."

"என்ரை நாலையும் நான் கொண்டுபோறன்" என்றார் மற்றவர்.

"சத்தியமோ?"

"சத்தியம்" என்றார்கள் இரண்டு பேரும்.

ஐந்தையும் சாக்கில் போட்டு முதலில் ஐயாவிடம் நீட்டினேன். நாலையும் கடகத்தில் எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது தம்பி முறைக்காரரின் சைக்கிள் அறுபது எழுபது கஜத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நின்றுகொண்டே மிதித்தார்.

"அண்ணை, கடகத்தையும் நீங்களே வைச்சிருங்கோ" என்று கத்தினார்.

மரக்கறிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐயா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு, "தம்பி முறை" என்று மட்டும் சொன்னார். சாக்கோடு கடகத்தையும் கரியரில் இறுக்கிக் கட்டினார்.

எங்கள் படலையில் மாமா நின்றார். தன் கடுவனை எடுக்க வந்தவர். மாமாவிடம் ஒரு லொறி இருந்தது. எங்கள் வெங்காயம் பட்டணத்துக்குப் போவது அந்த லொறியில்தான். அவர் சொன்னதை அம்மா மறுத்து நான் அதுவரை கண்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். கடகத்தைத் திறந்ததும் எல்லோரும் எண்ணினார்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஒழுங்கை முதல் முறையாக எண்ணியது.

"என்ன மச்சான்" என்றார் மாமா, "போற வழியிலை சாக்கும் குட்டி போட்டிட்டுதோ?"

வேலியில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஐயா சைக்கிளைச் சுவரில் சாத்தினார். வேட்டியில் இரண்டு முழங்காலும் சிவப்பாக இருந்தன. அவர் வெட்கத்தில் உள்ளே போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். போகவில்லை.

"ஓம். ஒன்பது. எல்லாம் பெட்டை" என்றார். "மச்சான், உங்களுக்குக் கடுவன் வேணுமெண்டால் ஒரு பெட்டையும் சேத்துக் கொண்டுபோகவேணும். இனி இந்த வீட்டிலை தனியக் கடுவன் குடுக்கிறேல்லை."

"உதென்ன புதுச் சட்டம்?"

"புதுசுதான்."

மாமா அவரோடு கதைப்பதை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உன்ரை மனிசனுக்கு வெய்யில் உச்சியிலை அடிச்சுப் போட்டுது. நீ போய் அந்தக் கடுவனை எடுத்துக்கொண்டு வா."

நாளுக்கு இரண்டு தரம் 'விடுங்கோ' என்று நச்சரித்தவர் அம்மா. இப்போது சாக்கைப் பார்த்தார், ஐயாவின் முழங்கால்களைப் பார்த்தார், மண் பூசிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"ரெண்டு எண்டால் எடுத்துத் தாறன், அண்ணை" என்றார்.

மாமா ஒன்றும் எடுக்காமல் போனார். அந்த வருடப் பிறப்புக்கு வரவில்லை. லொறியும் வரவில்லை. ஐயா வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டிப் பதினொரு நடை போனார். நான் பின்னால் தள்ளினேன். கொட்டிலில் மிச்சம் இருந்தது அழுகி மணந்தபோது அம்மா சமையலறைக்குள் அழுதார். ஆனால் சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை.

ஒன்பதுக்கும் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. கடகத்தில் வந்த நாலில் இரண்டைத்தான் தாய் நாய் பாலுக்கு விட்டது. மற்ற இரண்டும் மூக்குப்பேணியில் பால் ஊற்றியும் தப்பவில்லை, நாலாம் நாள் செத்தன. தலைமை வாத்தியார், "கணக்குச் சரிதான்" என்று கடுவனோடு ஒரு பெட்டையைக் கொண்டுபோனார். வெங்காயம் கிண்ட வந்த பெண்கள் இருவர் ஆளுக்கொன்று கேட்டு வாங்கினார்கள். ஒன்று பஸ்ஸில் அடிபட்டது. அப்போது மிஞ்சியது மூன்று. அந்த மூன்றும் வளர்ந்தால் குட்டி போடும், நாய் பெருகும் என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னார்கள். உண்மைதான். பெருகத்தான் செய்தது. தடுக்க அப்போது வழி இருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாக்கில் வெங்காயம் மட்டும்தான் போனது.

வருடப் பிறப்பு முடிந்து ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, பின்னேரம். மாமி தனியாக வந்தார். மாமாவின் மனைவி. அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து நான் கண்டதில்லை. அம்மா, "வாங்கோ மச்சாள்" என்று பாய் எடுக்க ஓடினார். மாமி இருக்கவில்லை.

"அண்ணை, குட்டி எடுக்க வந்தனான்" என்றார் ஐயாவிடம்.

ஐயா மண்வெட்டியை வைத்துவிட்டு எழுந்தார். "அவர் ஓமெண்டவரோ?"

"அவரிட்டை ஆர் கேட்டது?"

ஐயா கொட்டிலுக்குள் போய் இரண்டு கையிலும் இரண்டு குட்டிகளோடு வந்தார். மாமி இரண்டையும் பார்த்தார். பெட்டையை மட்டும் வாங்கினார்.

"கடுவன் இங்கை இருக்கட்டும். வேணுமெண்டால் அவர் வந்து கேக்கட்டும்."

மாமியின் வீட்டுக்குப் பின் ஒழுங்கையால் போனால் கிட்ட. அவர் அந்த வழியால் போகவில்லை. பெரிய தெருவால், வாசிகசாலையைத் தாண்டி, ஆண்கள் பேப்பர் வாசிக்கும் நேரம் பார்த்து, குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சேலையால் மூடவில்லை. நான் பின்னாலேயே போனேன். பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தவர்கள் பதினேழு பேர். மாமி ஒருவரையும் பார்க்கவில்லை.